பெட்ரோமாக்ஸ் தாரம்பியின் எண்ணூறு வருஷம்

இங்கிலாந்தில் அச்சடித்த புத்தகம் ஒன்று எங்கள் தெருவில் இருக்கிறது. கனமான அட்டை, வழவழ என்று தாள். தார்ன்பி என்கிற வெள்ளைக்காரக் குடும்பத்தின் எண்ணூறு வருஷத்துக் கதையாம். அதில் கடைசிக்கு முந்தின பக்கத்தில் எங்கள் தெருவே நிற்கிற போட்டோ இருக்கிறது. பால்காரர் வீட்டுக் கன்றுக்குட்டிகூட அதில் முழுசாக விழுந்திருக்கிறது. நான் விழவில்லை. என் முழங்கை மட்டும் தெரிகிறது.

அந்த வெள்ளைக்கார அம்மாவின் பெட்டியை பஸ் ஸ்டாண்டிலிருந்து தோளில் சுமந்து வந்தவன் நான். அவர் உட்கார்ந்த நாற்காலி, கால் நீட்டிய பெஞ்சு, குளிக்க வெந்நீர் போட்ட அண்டா எல்லாம் என் கடைச் சாமான். போட்டோ எடுக்கிற சமயத்தில், "கலியா, அந்த அண்டாவை நகத்துப்பா, மறைக்குது" என்றான் தாரம்பி. நகர்த்தக் குனிந்தேன். அதற்குள் எடுத்துவிட்டார்கள். இத்தனை வருஷமாகியும் எனக்கு மனசு ஆறவில்லை.

முழங்கை கிடக்கட்டும். தாரம்பியைப் பற்றிச் சொல்கிறேன்.

கல்யாணத்துக்குப் பாத்திரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுவது என் தொழில். பெட்ரோமாக்ஸ் விளக்கு விடுவது அவன் தொழில். பெரிய காஞ்சிபுரத்தில் எந்த வீட்டில் மாப்பிள்ளை அழைப்பு நடந்தாலும் நாங்கள் இரண்டு பேரும் பின்வாசல் வழியாகத்தான் சந்தித்துக்கொள்வோம். அவன் ஞாயிறானால் சபைக்குப் போகிற வேதக்காரன், நான் அங்காளம்மனைக் கும்பிடுகிறவன். அதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்ததே இல்லை. வந்ததெல்லாம் யார் முதலில் சாப்பிட உட்காருவது என்கிற சண்டைதான்.

அவன் முழுப்பேர் தார்ன்பி. தெருவில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. தாரம்பி ஆக்கிவிட்டோம். அவன் அப்பா பேர் தேவசகாயம். தாத்தா பேர் தார்ன்பி. பேரன் என்றால் தாத்தா பேரைத் தாங்குகிறவன்தானே, அதனால் இவனுக்கும் தார்ன்பி. இவன் பிள்ளைக்கு மறுபடி தேவசகாயம். இப்படி அந்த வீட்டில் இரண்டே பேர் மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

அந்தப் பேர் எப்படி வந்தது என்பதை அவன் என்னிடம் முன்பே சொல்லியிருக்கிறான். தாது வருஷப் பஞ்சத்தில் அவன் தாத்தா தாய் தகப்பன் இல்லாமல் திருப்புட்குழிப் பக்கத்து ரோட்டில் கிடந்த குழந்தை. மிஷன் பள்ளிக்கூடத்தில் தூக்கிப் போய்க் கஞ்சி ஊற்றினார்கள். இங்கிலாந்தில் இருந்த ஒரு அம்மா அந்தக் கஞ்சிக்கு வருஷா வருஷம் பணம் அனுப்பினார். பணம் அனுப்புகிறவர் பேரையே பிள்ளைக்கு வைப்பது அந்தக் காலத்துப் பள்ளிக்கூட வழக்கம். அவ்வளவுதான் விஷயம்.

"ஆனா ஒண்ணு கலியா," என்பான். "எங்க ஜனங்களை அப்போ வயக்காட்டுல எவனும் பேர் சொல்லிக் கூப்புட்டதில்ல. 'டேய்', 'ஏய்', அவ்ளோதான். எங்க தாத்தாவை மட்டும் கணக்குப்பிள்ளையே நின்னு, மூச்சு வாங்கி, 'தார்ன்பி'ன்னு கூப்புடுவாராம். அந்தப் பேரைப் பாதியில வுட முடியாது பாரு!"

அதைச் சொல்லும்போதெல்லாம் அவன் மார்பு ஒரு சுற்று அகலமாகும்.

எழுபத்தொன்றாம் வருஷம் அவன் மருமகள் மரியம்மாள் மாசமாக இருந்தாள். ஓரிக்கைப் பெண், வாய் கொஞ்சம் நீளம், நல்ல பெண். மகன் தேவசகாயத்துக்கு மின்சார வாரியத்தில் கம்பி ஏறுகிற வேலை. கரண்டு வராத தெருவில் அப்பனுக்கு வருமானம், வந்த தெருவில் பிள்ளைக்குச் சம்பளம் என்று ஊரே கேலி பேசும். பிறக்கப் போவது ஆண்பிள்ளையானால் முறைப்படி தார்ன்பி என்று பேர் வைக்க வேண்டும். தேவசகாயம் முடியாது என்றான்.

"வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கினு போயி எத்தினி வருஷம் ஆவுது? அவன் போட்ட கஞ்சிக்கு இன்னும் எம்மாம் நாளு ரசீது தூக்கிக்கினு திரியறது? என் புள்ளைக்கு நல்ல தமிழ்ப் பேரா வெப்பேன்."

"என் தாத்தா பேருடா அது!" என்றான் தாரம்பி.

"எந்தப் பண்ணைக்காரன் பேரோ அது."

அன்றைக்குத் தாரம்பி சாப்பிடாமல் என் கடைக்கு வந்துவிட்டான். எதையும் சிரித்து ஊதித் தள்ளுகிறவன், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கரைந்துபோனான். "என்னோட நின்னுடும் போலக்குதுப்பா" என்றான்.

அந்தச் சமயத்தில்தான் அந்த அம்மா வந்தார்.

எங்கள் தெருவில் இருந்த கிருஷ்ணவேணி டீச்சர் பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர். இங்கிலாந்திலிருந்து ஒரு அம்மா, பழைய மிஷன் அறிக்கையில் காஞ்சிபுரத்துத் தார்ன்பி என்று ஒரு பேரைப் பார்த்துவிட்டு, "அந்தக் குடும்பத்தில் இப்போது யாராவது உண்டா?" என்று சபைக்கு எழுதிக் கேட்டாராம். சபையில் டீச்சரைப் பதில் எழுதச் சொன்னார்கள். டீச்சர், "உண்டு, என் எதிர்வீடுதான்" என்று எழுதிப் போட்டுவிட்டார். பொய் இல்லையே. பார்த்தால் ஆவணி மாசத்தில் ஆளே வந்து இறங்கிவிட்டது.

மிஸ் எடித் தார்ன்பி. ரிட்டயரான ஸ்கூல் டீச்சர், கல்யாணம் ஆகாதவர், பனைமரம் மாதிரி உயரம். வெயிலில் மூக்கு மட்டும் மிளகாய்ப்பழமாய்ச் சிவந்திருந்தது. தன் வம்சத்தின் ஆதியைத் தேடிப் பாதி ஆயுளைச் செலவழித்தவராம். அவருடைய முன்னோர் ஒருவரின் தம்பி கப்பல் ஏறி மெட்ராஸ் வந்து, பிறகு தகவலே இல்லாமல் போனவராம். அந்தத் தம்பியின் வாரிசுதான் நம் தாரம்பி என்று முடிவு கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

தாரம்பியை வாசலில் பார்த்ததும் அந்த அம்மா அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிறகு டீச்சரிடம் ஏதோ சொன்னார்.

"காதைக் காட்டச் சொல்றாங்க" என்றார் டீச்சர்.

"காதா? அதுல ஒண்ணும் இல்லேன்னு சொல்லு டீச்சர், போன வாரந்தான் எண்ணெய் வுட்டேன்."

தாரம்பிக்குக் காது இரண்டும் திறந்த கதவு மாதிரி இருக்கும். அந்த அம்மா தன் தலைமயிரை ஒதுக்கிக் காட்டினார். அதே கதவு! தெருவே ஹோ என்றது. பையிலிருந்து ஒரு படம் எடுத்தார். அவர்கள் ஊர்க் கோயிலில் சமாதிமேல் கல்லில் செதுக்கிப் படுக்கவைத்த ஆள். இரும்புச் சட்டை, தலையில் கவசம், காலடியில் ஒரு நாய். எண்ணூறு வருஷத்துக்கு முந்தின முதல் தார்ன்பி, ராஜாவோடு சண்டைக்குப் போனவன். அவனுக்கும் இதே காதுதானாம்.

தாரம்பியின் பெண்சாதி அன்னம்மாள் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "தலைமேல குண்டானைக் கவுத்துக்கினு இருக்கிறாரு, காது எங்க தெரியுது?"

"கவசமே ரெண்டு பக்கமும் புடைச்சிருக்குதாம், பாருங்கன்றாங்க" என்றார் டீச்சர்.

பார்த்தோம். பார்க்கப் பார்க்கப் புடைத்துத்தான் இருந்தது.

"அப்போ நாங்கள்ளாம் ஏன் கறுப்பா இருக்கிறோம்னு கேளு டீச்சர்" என்றாள் மரியம்மாள் உள்ளிருந்து.

"நூறு வருஷ வெயிலாம்."

"எங்கப்பாருக்கும் இந்த வெயிலுதான், அவரு தொரையா ஆவலியே!"

தெரு சிரித்தது. அந்த அம்மாவும் என்ன என்று தெரியாமலேயே சேர்ந்து சிரித்தார். தாரம்பி மட்டும் பாதிதான் சிரித்தான். என்னைத் தனியாக இழுத்தான்.

"கலியா, இது தப்பாப் போவுது. கஞ்சி விஷயத்தைச் சொல்லிடணும்பா."

அன்னம்மாள் குறுக்கே வந்தாள். "கடல் தாண்டி வந்த பொம்பளை. மொதல்ல சோறு துன்னட்டும். வாயைத் தொறந்தீங்க, பாத்துக்குங்க."

நானும் அதையேதான் சொன்னேன். சொன்னால் அந்த அம்மா பெட்டியைக் கட்டுவார். மகன், "பாத்தியா, நமக்கும் அந்தப் பேருக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல" என்பான். அந்தப் பேர் தாரம்பியோடு நின்றுவிடும். அது அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது. வாயை மூடிக்கொண்டு அந்த அம்மாவோடு சாப்பிட உட்கார்ந்தான்.

அந்த வாரம் எங்கள் தெரு திருவிழாவாக இருந்தது. அந்த அம்மா டீச்சர் வீட்டில் தூங்குவார், தாரம்பி வீட்டில் சாப்பிடுவார். மத்தியானத்தில் பாய் விரித்த மாதிரி ஒரு பெரிய தாளை விரிப்பார். மேலே கல்லில் படுத்தவன், அவனுக்குக் கீழே பிள்ளைகள், அவர்களுக்குக் கீழே பிள்ளைகள், எல்லாம் கோடு கோடாக. நான் என் டம்ளர்களை அதன் நாலு மூலையிலும் வைப்பேன், காற்றில் எழும்பாமல் இருக்க. அன்னம்மாள் ஒவ்வொருத்தரையும் கேட்பாள்: "இவரு எதுல செத்தாரு? இவுங்களுக்கு எத்தினி தரம் கல்யாணம்?" அந்த அம்மாவுக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை. அவருடைய சொந்தக்காரர்கள் ஒருவரும் இத்தனை கேள்வி கேட்டதில்லையாம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. தானும் வருவதாக அந்த அம்மா சொன்னார். தாரம்பி அவருக்கு விளக்குக்கு எப்படிக் காற்று அடிப்பது என்று கற்றுக்கொடுத்தான். மேண்டில் என்கிற வலைத்துணி குப் என்று பிடித்து வெள்ளையானதும் குழந்தை மாதிரி கை தட்டினார். ஊர்வலத்தில் விளக்குத் தூக்குகிற பெண்களோடு கூடவே நடந்தார். பார்க்கிறவர்களை எல்லாம் நிறுத்தி, தாரம்பி தோளில் கை வைத்து, "மை கசின், மை கசின்" என்றார். மாப்பிள்ளையிடம்கூடச் சொன்னார். மாப்பிள்ளை பயந்துபோய் வணக்கம் வைத்தான்.

தாரம்பியால் அதைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் டீச்சரையும் அந்த அம்மாவையும் என் சாமான் கிடங்குக்கே அழைத்துக்கொண்டு வந்தான். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வழிய வாரின தலை. "டீச்சர், நான் சொல்றதை அப்படியே சொல்லு" என்று கஞ்சிக் கதையை முழுசாகச் சொன்னான்.

டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் சொல்ல மாட்டேன்பா. பாவம், எவ்ளோ ஆசையா வந்திருக்காங்க."

"நீ சொல்லலைன்னா நானே சொல்றேன்." அந்த அம்மா முன்னால் போய் நின்றான். அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் விளக்கு வாடகை பேசுகிற அளவுக்குத்தான். "மேடம். நேம் எஸ். பிளட் நோ. கஞ்சி எஸ்."

"கஞ்சி?" என்றார் அந்த அம்மா.

அதற்குமேல் டீச்சரால் சும்மா இருக்க முடியவில்லை. எடுத்துச் சொல்லிவிட்டார். அந்த அம்மா கவிழ்த்து வைத்திருந்த என் அண்டாமேல் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு கரண்டியை எடுத்துத் தாரம்பியை நாலு சாத்தலாமா என்றிருந்தது.

பிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பணம் அனுப்பியது யார்?

"ஹேரியட் அம்மா" என்றான் தாரம்பி உடனே. "எங்க வூட்டு ஜெபத்துல இன்னும் அவுங்க பேரைச் சொல்றோம். எங்க தாத்தா ஆரம்பிச்சது. 'ஹேரியட் அம்மாவையும் நினைச்சருளும் ஆண்டவரே'ன்னு. சின்னப் புள்ளையில நான் அவுங்களை எங்க அத்தைன்னே நெனைச்சிக்கினு இருந்தேன்."

டீச்சர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரிக்கச் சொன்னார். ஓரத்தில், ஒரு மூலையில், ஹேரியட் என்று ஒரு பேரைக் காட்டினார். கல்யாணம் ஆகாத பெண். அதற்குக் கீழே கோடே இல்லை. அவரைப் பற்றிச் சொந்தக் குடும்பத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது, ஒரு படம்கூட இல்லை என்றார். "இங்கே தினமும் ராத்திரி அவள் பேரைச் சொல்கிறீர்களா?" என்று மறுபடி மறுபடி கேட்டார்.

பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே, தானும் ஒன்று சொல்ல வேண்டும் என்றார்.

கல்லில் படுத்திருக்கிறானே, அவன் வம்சம் அவனுக்குப் பின் நூறு, நூற்றைம்பது வருஷத்தில் ஒரு கொள்ளை நோயில் அழிந்துபோனதாம். மிச்சம் ஒரே ஒரு பெண். வீட்டில் தார்ன்பி என்கிற பேரில் ஒரு ஆண்பிள்ளை இல்லாவிட்டால் நிலமெல்லாம் கைமாறிப் போகும். அவள் குதிரைக் கொட்டிலில் சாணி அள்ளிக்கொண்டிருந்தவனைக் கட்டிக்கொண்டாள். அவனுக்கு ஹாப் என்கிற அரைப் பேர்தான் உண்டு. அவனைத் தார்ன்பி ஆக்கினார்கள். அந்தப் பெண் பிள்ளை பெறாமலே செத்துப்போனாள். அவன் மறுபடி ஒரு கூலிக்காரப் பெண்ணைக் கட்டினான். இன்றைக்கு இருக்கிற தார்ன்பிகள் அத்தனை பேரும் அந்த இரண்டு பேருடைய பிள்ளைகள்.

"போன வருஷந்தான் கண்டுபிடிச்சாங்களாம்," என்றார் டீச்சர். "சொந்தக்காரங்க மனசு ஒடைஞ்சுடும்னு யாருகிட்டயும் சொல்லலையாம். கல்லுல படுத்திருக்கிறவர் இவங்களுக்கு ஒரு உறவும் இல்லையாம்."

நான் கேட்டேன், "அப்போ காது?"

டீச்சர் கேட்டார். அந்த அம்மாவின் மூக்கோடு சேர்த்து முகம் முழுக்கச் சிவந்துவிட்டது. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் காதைக் காட்டியே பழகிவிட்டதாம்.

தாரம்பி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். "அப்போ உங்க பேரும் கஞ்சிப் பேருதான்னு சொல்லு டீச்சர்!"

அந்த அம்மா பேனாவை எடுத்தார். ஹேரியட் என்ற பேருக்குக் கீழே கோடு இழுத்து, தார்ன்பி, தேவசகாயம், தார்ன்பி, தேவசகாயம் என்று எழுதினார். அன்னம்மாள் பேரும் மரியம்மாள் பேரும் பக்கத்தில் வந்தன. கடைசியில் ஒரு இடம் காலியாக விட்டார்.

அந்த நேரத்தில்தான் மகன் தேவசகாயம் என்னிடம் ஏணி இரவல் கேட்டு வந்தான். தன் பேரை அந்தத் தாளில் பார்த்தான். கதையை டீச்சர் இன்னொரு தரம் சொல்ல வேண்டியதாயிற்று.

"குதிரைக்காரனா?"

"ஆமாம்பா."

"கூலிக்காரனா? நெலம் கிலம் ஒண்ணும் இல்லாதவனா?"

"கால்ல செருப்புகூட இருந்துதோ இல்லையோ."

அவன் கொஞ்ச நேரம் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தாரம்பி அவன் முதுகைப் பார்த்தபடியே நின்றான்.

அந்த அம்மா ஊருக்குப் போன பிறகு, ஐப்பசி மழையில் ஆண்பிள்ளை பிறந்தது. காது இரண்டும் கதவுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு ஞானஸ்நானம். நான் சபைக்குள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைக்கு என்ன பேர் என்று போதகர் கேட்டார். தாரம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தேவசகாயம் வாயைத் திறந்தான்.

"தார்ன்பி."

வெளியே வந்ததும் நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். "இன்னாடா, தமிழ்ப் பேரு வெப்பேன்னு குதிச்சே?"

"பண்ணைக்காரன் பேருன்னு நெனைச்சேன் மாமா. அது நம்ம ஆளு பேரு. அதான் வெச்சேன்."

அன்றைக்குத் தாரம்பி பட்டப்பகலில் தன் விளக்குகள் அத்தனையையும் ஏற்றித் தெரு முழுக்க வைத்தான். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம் அது. அன்னம்மாள் திட்டிய திட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது. அவன் எனக்கு முன்னால் பந்தியில் உட்கார்ந்தான், அதையும் அன்றைக்கு விட்டுக்கொடுத்தேன்.

பேர் வைத்தாயிற்று. அதற்கப்புறம்தான் வேறொரு சங்கடம் தெரிந்தது. அது மாமனார் பேர், மரியம்மாள் எப்படி வாயால் சொல்லுவாள்? அது புருஷன் பேர், அன்னம்மாள் சொல்ல மாட்டாள். தேவசகாயமும் அப்பா பேரை அப்படி மொட்டையாகக் கூவ மாட்டான். தெருவில் இளசுகளுக்கெல்லாம் அது பெரியவர் பேர். ஆக மரியம்மாள் பிள்ளையை 'லைட்டு' என்று கூப்பிட ஆரம்பித்தாள். "லைட்டு, இங்க வாடா! லைட்டு, மண்ணைத் துன்னாத!" தெருவும் அதையே பிடித்துக்கொண்டது. பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகும் லைட்டு என்றால் ஓடிவருவான், தார்ன்பி என்றால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று விளையாடிக்கொண்டிருப்பான்.

பிள்ளைக்கு இரண்டு வயசான மழைக்காலத்தில் தாரம்பிக்கு மார்ச்சளி பிடித்தது. பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பார்க்கப் போனேன். போர்வைக்குள் உட்கார்ந்து விளக்குக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். பிள்ளை வாசலில் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தது. உள்ளிருந்து மரியம்மாள், "லைட்டு! நனையாத!" என்றாள்.

"கேட்டியா?" என்றான் தாரம்பி. "எண்ணூறு வருஷத்துப் பேரு. கூப்புட ஒரு நாதி இல்ல."

"நீயே கூப்புடறது."

"எம் பேரை நானே கூவிக்கினு இருந்தா பைத்தியம்னு சொல்லுவாங்கப்பா." சிரித்தான், இருமினான், மறுபடி சிரித்தான். பிறகு கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தான். அவன் என்னிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்.

"கலியா, இந்தத் தெருவுல என்னை வெறும் பேரா கூப்புடறவன் நீ ஒருத்தன்தான். காலையில கடை தொறக்கப் போவும்போது எங்க வாசல்ல நில்லு. நின்னு புள்ளையைப் பேரைச் சொல்லிக் கூப்புடு. தாரம்பின்னு வந்தாலும் பரவால்ல, சத்தமாக் கூப்புடு. அவன் திரும்பிப் பாக்கற வரைக்கும் கூப்புடுப்பா."